கடல்கட்டி வந்தாச்சா?

நடுராத்திரி. தூத்துக்குடிக் கடற்கரை. சுமார் நூற்றைம்பது வருடங்களுக்கு முந்தைய ஒரு மார்ச் மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரையோரமாகப் படகுகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் முத்துக் குளிப்பவர்கள், அவர்களுக்குக் கயிறு பிடிப்பவர்கள், சுக்கான் பிடிக்கும் தண்டல்... எல்லோரும் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. ஆனால் ஒருவரும் பாய் விரிக்கவில்லை. கரையில் ஒரு பீரங்கி வெடிக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பேரும் காத்திருக்கிறார்கள்.

ஏன் நடுராத்திரி? கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று ராத்திரியில்தான் எழும். அதில் பாய் விரித்தால் பொழுது விடியும்போது பார் மேல் போய் நிற்கலாம். 'பார்' என்றால் கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டு. சிப்பிகள் ஒட்டி வளரும் இடம். கரையிலிருந்து பத்து மைல் வாக்கில், ஐந்து முதல் பத்து பாகம் ஆழத்தில் இருக்கும். மதியம் வரை குளிப்பு. அதற்குப் பிறகு காற்று திசை மாறி, கடலிலிருந்து கரைக்கு வீச ஆரம்பிக்கும். அதைப் பிடித்துத் திரும்ப வேண்டும். சாயங்காலம் சிப்பிகளைக் குவியல் குவியலாகப் பிரிப்பார்கள். குளித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் சர்க்கார் பங்கு. அது ஆயிரம் சிப்பி இவ்வளவு என்ற கணக்கில் ஏலத்துக்குப் போகும்.

முத்துக் குளிக்கும் இந்தத் திருவிழாவுக்கு இந்தக் கரையில் 'சலாபம்' என்று பெயர். பீரங்கி வெடிப்பது அதன் தொடக்கம் என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது கடைசிக்கு முந்தைய காட்சி!

பீரங்கி வெடிக்க வேண்டுமானால் படகுகள் வந்திருக்க வேண்டும். படகுகளும் வியாபாரிகளும் வர வேண்டுமானால் சலாபம் உண்டு என்ற அறிவிப்பு முன்கூட்டியே போயிருக்க வேண்டும். அறிவிக்க வேண்டுமானால் இந்த வருடம் ஆயிரம் சிப்பிக்கு எத்தனை ரூபாய் முத்து தேறும் என்று தெரிய வேண்டும். அதற்கு மாதிரிச் சிப்பிகளை எடுத்து வந்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தை விலை மதிப்பவர்களிடம் காட்ட வேண்டும். மாதிரி எடுக்க வேண்டுமானால் பாரைப் போய்ப் பார்த்து, சிப்பி முற்றியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்குக் கடல் அமைதியாக இருக்க வேண்டும். பின்னோக்கிப் போகப் போக, ஒன்றின் வாலை இன்னொன்று பிடித்துக்கொண்டே இருக்கிறது.

இவ்வளவும் சரியாக நடந்து படகு பாருக்கு வந்த பிறகும், முத்துக் குளிப்பவர் ஒரு கேள்வி கேட்பார்.

"கடல்கட்டி வந்தாச்சா?"

கடல்கட்டி என்பவர் மந்திரம் சொல்லி சுறாவின் வாயைக் கட்டுபவர். அவர் இல்லாவிட்டால் ஒருவரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இவர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். வியாபாரிகள் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுத்தார்களாம், கடல்கட்டிக்கு இருபதில் ஒரு பங்கு. இன்னொரு சுவாரஸ்யமான தகவலும் தருகிறார். பகலில் கட்டிய மந்திரத்தை ராத்திரி அவிழ்த்து விட்டுவிடுவார்களாம். இல்லாவிட்டால் திருடர்கள் இருட்டில் இறங்கி சிப்பி அள்ளிப் போய்விடுவார்களே! இந்த அவிழ்க்கிற விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

பிற்காலத்தில் மந்திரத்தை நம்பாத ஆங்கிலேயர்களும் எதிர்க்கரையில், இலங்கைச் சலாபத்தில், கடல்கட்டிக்கு சர்க்கார் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். கணக்கு எளிமையானது. கடல்கட்டி இல்லையென்றால் குளிப்பவர் இல்லை. குளிப்பவர் இல்லையென்றால் சிப்பி இல்லை. சிப்பி இல்லையென்றால் வருமானம் இல்லை.

அடுத்து கயிறு. இடுப்பிலோ கையிலோ கயிறு. காலடியில் ஒரு கல். அந்தக் கல்லின் கனத்தில் முத்துக் குளிப்பவர் சரசரவென்று கீழே போய்விடுவார். மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். இந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள் என்று நம் பக்கம் சொல்வார்கள். தன் அக்காளோ தங்கையோ தாலியறுக்க விடமாட்டான் அல்லவா மச்சான்!

சரி, இப்போது உங்கள் சட்டைப் பைக்குள் கை விட்டு செல்போனை எடுங்கள். நான் சொல்ல வந்த சரித்திரம் அதற்குள்தான் இருக்கிறது.

பவர் பட்டனை அமுக்கினால் கம்பெனி முத்திரை தெரிகிறது, சில வினாடிகள் கழித்து திரை உயிர் பெறுகிறது. அந்தச் சில வினாடிகளில் உள்ளே ஒரு சலாபம் நடந்து முடிகிறது. ஆண்ட்ராய்டு போன் என்றால் அதன் அடியில் 'லினக்ஸ் கெர்னல்' என்ற மென்பொருள் இருக்கிறது. திரை, தொடுதிரை, கேமரா, ஸ்பீக்கர், சார்ஜர் என்று ஒவ்வொரு பாகத்தையும் ஓட்டுவதற்கு ஒரு குட்டி நிரல். அதன் பெயரே 'டிரைவர்'தான். ஒரு போனுக்குள் இப்படி நூற்றுக்கணக்கில் உண்டு. பட்டனை அமுக்கியதும் ஒவ்வொரு டிரைவரும் எழுந்து தன் பாகத்தைத் தயார் செய்ய வேண்டும்.

யார் முதலில் எழுவது?

தொடுதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சில்லு பேசுவது இரண்டே இரண்டு கம்பிகள் வழியாக. அந்தக் கம்பிகளை ஆள்வதற்குத் தனியாக ஒரு டிரைவர். அவர் எழுந்திருக்காவிட்டால் தொடுதிரை யாரிடம் பேசும்? கம்பிக்காரருக்கோ சீரான துடிப்பு வேண்டும். அதைத் தருபவர் இன்னொரு டிரைவர். தொடுதிரைக்கு மின்சாரம் வேண்டும், அதை அளந்து கொடுப்பவர் வேறொருவர். இதில் யாராவது முந்தினாலும் பிந்தினாலும் நீங்கள் திரையைத் தடவித் தடவிப் பார்க்க வேண்டியதுதான். அது அசையாது.

நான் படித்தது பி.காம். கம்ப்யூட்டர் நிரல் எனக்குக் குலத்தொழில் அல்ல. ஆனால் இந்த 'யார் முதலில்' பஞ்சாயத்து முப்பது வருடங்களாக எப்படி நடந்தது என்று படிக்கப் படிக்க, எனக்குத் தூத்துக்குடிதான் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுத ஆரம்பித்தபோது இந்தப் பிரச்னையே இல்லை. ஒரு மேஜைக் கம்ப்யூட்டர். அதன் கீபோர்டு, ஹார்ட் டிஸ்க், கடிகாரம், திரை. முக்கால்வாசி ஏற்பாடுகளை கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே பொதிந்திருந்த 'பயாஸ்' முடித்துக் கொடுத்துவிடும். எனவே லினஸ், முதலில் இது, அடுத்து இது என்று ஒன்றன்கீழ் ஒன்றாகச் சில வரிகள் எழுதினார். வேலை முடிந்தது. மளிகைச் சீட்டு மாதிரி.

ஆனால் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் டிரைவர் எழுதி அனுப்ப ஆரம்பித்ததும் சீட்டு நீண்டுகொண்டே போனது. 2000-களின் தொடக்கத்தில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். நம் கல்யாண மண்டபங்களில் நடக்கும் பந்தி ஏற்பாடுதான் அது! அடிப்படையான ஆட்கள் முதல் பந்தி, அவர்களை நம்பியிருப்பவர்கள் இரண்டாம் பந்தி, சாதாரண சாதனங்கள் ஆறாம் பந்தி, கடைசியில் வருபவர்கள் ஏழாம் பந்தி. எந்தப் பந்தி என்பதை டிரைவர் எழுதுபவரே குறித்துவிடுவார்.

சரி, ஒரே பந்தியில் இரண்டு பேர் இருந்தால்? யார் முன்னால் உட்காருவது?

இங்கேதான் கூத்து. நிரல் கோப்புகளை எல்லாம் ஒன்றாகக் கோக்கும்போது எந்தக் கோப்பு முன்னால் வந்ததோ அது முன்னால்! அந்த வரிசையோ, 'மேக்ஃபைல்' என்ற பட்டியலில் யாரோ ஒருவர் என்றைக்கோ எழுதிய வரிகளின் வரிசை. லினக்ஸின் டிரைவர் பட்டியலில் இன்றைக்கும் அந்தக் காலத்து எச்சரிக்கைக் குறிப்புகளைப் பார்க்கலாம். இந்த வரி அந்த வரிக்குப் பிறகுதான் வர வேண்டும், மின்சாரம் அளப்பவரைச் சீக்கிரம் எழுப்பி விடுங்கள், அவரை நம்பிச் சிலர் இருக்கிறார்கள் என்கிற ரீதியில். குறிப்பு எழுதி வைத்தவர் புண்ணியவான். எழுதாமல் விட்டவை எத்தனையோ! யாராவது பட்டியலை அகரவரிசையில் அழகாக அடுக்கலாமே என்று கை வைத்தால், எங்கோ ஒரு மெஷின் எழுந்திருக்காது.

சிபாரிசும் புகுந்தது. ஆறாம் பந்தியில் உட்கார வேண்டிய டிரைவர், 'என்னை நம்பி இரண்டு பேர் இருக்கிறார்கள்' என்று நான்காம் பந்திக்குத் தாவுவார். அவரைப் பார்த்து இன்னொருவர் தாவுவார். கொஞ்ச நாளில் நான்காம் பந்தியிலும் அதே தள்ளுமுள்ளு.

2007-க்குப் பிறகு ஸ்மார்ட்போன்கள் பெருகியபோது இந்த ஏற்பாடு அப்பட்டமாக விழி பிதுங்கியது. மேஜைக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. போன் அப்படியில்லை. ஒரே சில்லை வைத்துக்கொண்டு இரண்டு கம்பெனிகள் இரண்டு விதமாகக் கம்பி இழுக்கும். இவன் போனில் கேமராவுக்கு மின்சாரம் இந்தப் பக்கத்திலிருந்து, அவன் போனில் அந்தப் பக்கத்திலிருந்து. கெர்னலுக்குள் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு தனிக் கோப்பு குவிந்தது. 2011 மார்ச்சில் லினஸ் பொறுமை இழந்தார். ஏஆர்எம் சில்லுக்காரர்களைப் பார்த்து, பத்திரிகையில் அச்சிட முடியாத வார்த்தைகளில் அர்ச்சனை செய்தார்.

அந்தக் கோபத்தால் ஒரு நன்மை விளைந்தது. 'டிவைஸ் ட்ரீ', அதாவது சாதன மரம் என்ற ஏற்பாடு ஏஆர்எம் உலகத்துக்கு வேகமாக வந்து சேர்ந்தது. முன்பே வேறு வகைக் கம்ப்யூட்டர்களில் இருந்ததுதான். இந்தப் பலகையில் என்னென்ன பாகங்கள் உண்டு, எது எதிலிருந்து மின்சாரம் வாங்குகிறது, எது எதனிடம் துடிப்பு வாங்குகிறது என்று தனியாக ஒரு கோப்பில் எழுதி வைப்பது. படகு எத்தனை, கயிறு யார் கையில் என்கிற விவரமெல்லாம் அடங்கிய சலாபப் பதிவேடு மாதிரி.

பதிவேடு வந்துவிட்டது. ஆனால் அதைப் பார்த்து வரிசை போட இன்னும் யாரும் வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு குறுக்கு வழி வந்தது. ரொம்பச் சாதாரணமான, ரொம்பச் சாமர்த்தியமான வழி.

2012. கிராண்ட் லைக்லி என்ற கெர்னல் பொறியாளர் கொடுத்த யோசனை லினக்ஸ் 3.4-ல் சேர்ந்தது. அதன் சாரம் இதுதான். டிரைவர் எழுகிறார், தனக்கு வேண்டியவர் இருக்கிறாரா என்று பார்க்கிறார். இல்லையா? சண்டை போட வேண்டாம், செத்தும் போக வேண்டாம். '517' என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார வேண்டியது. '517' என்றால் 'இப்போது முடியாது, பிறகு கூப்பிடுங்கள்'. வேறு ஏதாவது ஒரு டிரைவர் வெற்றிகரமாக எழுந்துவிட்டால் போதும், ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களை எல்லாம் மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பார்கள். 'உன் ஆள் வந்தாச்சா?' வந்திருந்தால் வேலை ஆரம்பம். இல்லாவிட்டால் மறுபடி 517.

(ஏன் 517? பெரிய தத்துவமெல்லாம் இல்லை. கெர்னல் தனக்குள் மட்டும் புழங்கும் எண்கள் 512-ல் தொடங்குகின்றன. அடுத்த காலியிடம் அதுதான்!)

இதைப் படித்தபோதுதான் தூத்துக்குடி ஞாபகம் பலமாக வந்தது. 1830-ல் ஒரு சலாபம் நடந்தது. அதற்குப் பிறகு 1856 வரை என்ன ஆயிற்று தெரியுமா? பதின்மூன்று தடவை பாருக்குப் போய்ப் பார்த்தார்கள். பதின்மூன்று தடவையும் முற்றிய சிப்பி போதவில்லை. பதின்மூன்று தடவையும் சலாபம் இல்லை என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டார்கள். வந்ததற்கு நாலு படகு சிப்பியாவது அள்ளிப் போவோமே என்று யாரும் இறங்கவில்லை. கடைசியில் 1860-லிருந்து மூன்று வருடங்கள் சலாபம் நடந்தது, நல்ல வருமானமும் கிடைத்தது. சிப்பிக்கு ஒரு வயதுக் கணக்கு உண்டு. நாலு வயதுக்கு முன்னால் எடுத்தால் முத்து தேறாது. ஆறு, ஏழு வயதுக்கு மேல் விட்டால் சிப்பியே செத்துப்போகும். அதனால் போய்ப் பார்ப்பதும் திரும்புவதும் மறுபடி போய்ப் பார்ப்பதும் வெட்டி வேலை அல்ல. அதுதான் தொழில்.

517 முறையின் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான். பலம் என்னவென்றால், யாரும் மொத்த வரிசையையும் தெரிந்து வைத்திருக்க வேண்டியதில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று அவரவருக்குத் தெரிந்தால் போதும். பலவீனம் இரண்டு. திரும்பத் திரும்ப எழுப்பிப் பார்ப்பதில் நேரம் வீணாகிறது, போன் எழுவது தாமதமாகிறது. இரண்டாவதுதான் பொல்லாதது. 'இன்னும் வரவில்லை' என்பதற்கும் 'வரவே மாட்டார்' என்பதற்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் பதில் அதே 517.

வித்தியாசம் தெரியாமல் பணத்தைப் போட்டவர்கள் கதை ஒன்று எதிர்க்கரையில் உண்டு. 1903-லிருந்து இலங்கைப் பார்களில் சலாபம் அமோகம். வருடா வருடம் கோடிக்கணக்கில் சிப்பி. பார்த்தார்கள் லண்டன் முதலாளிகள். 1906-ல் ஒரு கம்பெனி ஆரம்பித்து, மொத்தப் பார்களையும் இருபது வருடக் குத்தகைக்கு எடுத்தார்கள். வருடத்துக்கு 3,10,000 ரூபாய் வாடகை. சிப்பி விளைந்தாலும் விளையாவிட்டாலும்! 1907-லும் சலாபம் நடந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு பார் காலி. இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் என்று காத்திருந்து, காத்திருந்து, 1912-ல் கம்பெனியையே மூடிவிட்டார்கள். வரவு எது என்று தெரியாமல் செலவை முதல் வரியில் எழுதிவிட்டார்கள். எங்கள் கணக்குப்பதிவியல் வாத்தியார் இருந்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பார்.

நாம் கெர்னலுக்குத் திரும்புவோம். பதிவேடுதான் கையில் இருக்கிறதே, அதைப் படித்து முன்கூட்டியே வரிசை போட்டுவிட்டால் என்ன? இந்த யோசனை 2014-ல் வந்தது, 2015-ல் மறுபடி வந்தது. அதற்கான கணக்கும் புதிதல்ல. 1962-லேயே ஆர்தர் கான் என்பவர் ஒரு கட்டுரையில் எழுதிவிட்டார். 1958-ல் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 'பெர்ட்' என்ற வரைபட முறையைக் கொண்டுவந்தது. எந்த வேலை முடிந்தால் எந்த வேலை என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவது. கல்லூரியில் நாங்களும் வரைந்திருக்கிறோம். எதற்கு வரைகிறோம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை! அந்த மாதிரிப் பெரிய வலைகளை ஒரே வரிசையாக்கக் கான் சொன்ன வழி, குழந்தைகூடச் செய்யக்கூடியது. யாரையும் எதிர்பார்க்காத ஆள் யார் என்று பாருங்கள். அவரை வரிசையில் முதலில் நிறுத்துங்கள். அவரை எதிர்பார்த்தவர்களின் சீட்டிலிருந்து அவர் பெயரை அடித்துவிடுங்கள். இப்போது யாருடைய சீட்டு காலியாகிவிட்டதோ அவர் அடுத்தவர். இப்படியே போய்க்கொண்டிருங்கள்.

அழகாக இருக்கிறதல்லவா? ஒரே ஒரு இடத்தில்தான் இடிக்கும். ராமன் லட்சுமணனை எதிர்பார்க்கிறான், லட்சுமணன் ராமனை எதிர்பார்க்கிறான் என்றால் இரண்டு பேர் சீட்டும் காலியாகாது. வரிசை அங்கேயே நின்றுவிடும். இப்படியெல்லாம் யார் டிசைன் செய்வார்கள் என்று நினைக்காதீர்கள். சாட்சாத் உங்கள் போனிலேயே இருக்கலாம். குவால்காம் சில்லுகளில் திரைப் பகுதிக்குத் துடிப்பு பங்கிடும் ஒரு பாகம் உண்டு. அது ஒரு துடிப்பை, திரைக்குச் சமிக்ஞை அனுப்பும் பாகத்திடமிருந்து வாங்குகிறது. சமிக்ஞை அனுப்பும் பாகமோ தனக்கு வேண்டிய வேறொரு துடிப்பை முந்தைய பாகத்திடமிருந்தே வாங்குகிறது! நிஜத்தில் இதில் சிக்கல் இல்லை. ஒன்று எழுந்திருக்கும் நேரத்தில் மற்றதன் துடிப்பு உடனே தேவைப்படுவதில்லை. ஆனால் அந்த நுணுக்கம் பதிவேட்டில் இல்லை. 'வேண்டும்' என்றுதான் எழுதியிருக்கிறது. இப்போதே வேண்டுமா, பிறகு போதுமா என்று எழுதவில்லை. முன்கூட்டியே வரிசை போடும் அந்த இரண்டு முயற்சிகளும் கெர்னலுக்குள் ஏறவில்லை.

எனக்கு இதில் கெர்னல்காரர்கள் மேல் ஒரு மரியாதை உண்டு. அழகான கணக்கு என்பதற்காக மட்டும் எதையும் உள்ளே விடவில்லை.

அடுத்த அடி வேறொரு திசையிலிருந்து வந்தது. தூக்கம்! போனைப் பையில் போட்டதும் அது தூங்கப் போகிறது. அப்போது பாகங்களை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். எந்த வரிசையில்? எழுந்த வரிசைக்கு நேர் எதிராக. கம்பிக்காரர் முதலில் தூங்கிவிட்டால், தொடுதிரையிடம் 'நீயும் தூங்கு' என்று யார் போய்ச் சொல்வது? குளிப்பவர் தண்ணீருக்குள் இருக்கும்போது மச்சான் கயிற்றை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாமா? மார்க்கோ போலோவின் கடல்கட்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே... கடைசி ஆள் கரையேறிய பிறகுதான் அவர் மந்திரத்தை அவிழ்க்க முடியும். முதலில் கட்டுபவர் அவர், கடைசியில் அவிழ்ப்பவரும் அவர்.

ரஃபேல் வைசாக்கி என்ற பொறியாளரின் முயற்சியில் 'டிவைஸ் லிங்க்' என்ற ஏற்பாடு லினக்ஸ் 4.10-ல் வந்தது. அது 2017. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று இரண்டு பாகங்களுக்கு இடையே ஒரு முடிச்சைக் கெர்னலே போட்டு வைத்துக்கொள்ளும். எழும்போதும் சரி, தூங்கும்போதும் சரி, அந்த முடிச்சை மதித்து நடக்கும். ஆனால் முடிச்சு போட வேண்டியது டிரைவர் எழுதுபவரின் பொறுப்பு. எழுதாமல் விட்டால் பழைய கதைதான்.

அந்தக் குறையைத் தீர்த்தவரின் பெயரைக் கேட்டால் உங்கள் காது நிமிரும். சரவண கண்ணன். கூகுளின் ஆண்ட்ராய்டு கெர்னல் குழுவில் வேலை பார்த்தபோது, 2019 முதல் அவர் அனுப்பிய திருத்தங்களில்தான் சாதன மரத்தைக் கெர்னலே படித்து, முடிச்சுகளைத் தானாகப் போட்டுக்கொள்ளும் வசதி வந்தது. பதிவேடு ஒருவழியாக வரிசை போடும் வேலைக்கு வந்து சேர்ந்தது! கொடுப்பவர் தயாராகும் வரை வாங்குபவரை எழுப்புவதே இல்லை. வீணாக எழுப்பி 517 வாங்க வேண்டியதில்லை. ஒருவரை ஒருவர் எதிர்பார்க்கும் வட்டம் தென்பட்டால், அந்த வட்டத்தில் உள்ள முடிச்சுகளை மட்டும் தளர்த்திவிட்டு, 'சரி, முயற்சி செய்து பாருங்கள்' என்று விட்டுவிடும். அங்கே மறுபடி பழைய 517 கைகொடுக்கும்.

அதோடு இன்னொரு நல்ல காரியம். போன் எழும்போது தெரியும் கம்பெனி முத்திரை, கெர்னலுக்கு முன்னால் ஓடும் ஒரு குட்டி நிரல் போட்டது. அதற்கான மின்சாரத்தை அதுவே திறந்துவிட்டிருக்கும். கெர்னல் வந்து பார்க்கிறது. இந்த மின்சாரத்தை யாரும் கேட்கவில்லையே, வீணாக ஓடுகிறதே என்று அணைத்தால் திரை பொட்டென்று இருண்டுவிடும். கேட்க வேண்டிய திரை டிரைவர் இன்னும் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். வாங்க வேண்டிய எல்லோரும் வந்து சேரும்வரை கை வைக்காதே என்ற விதியும் அவருடைய திருத்தங்களில் வந்தது. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி முடியும் முன்னால் அடுப்பை அணைக்கக் கூடாது என்பார்களே, அதுதான்.

ஆனால் அந்தத் தானாக முடிச்சுப் போடும் வசதியை எல்லா மெஷின்களிலும் இயல்பாக இயங்கவிடுவது லேசாக இருக்கவில்லை. 2021-ல் அதைச் செய்யப்போனபோது சில பலகைகள் எழுந்திருக்கவே மறுத்தன. பதிவேட்டில் தப்புத் தப்பாக எழுதி வைத்திருந்தவர்கள் எல்லாம் அகப்பட்டார்கள். யாருமே இல்லாத இடத்தை 'இவர்தான் எனக்கு மின்சாரம் தருகிறவர்' என்று குறித்து வைத்திருந்தால், முன்பு கண்டுகொள்ளாமல் போகும். இப்போது வராதவருக்காகக் காத்திருக்கும்! ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்திய பிறகுதான் அது நிலைத்தது.

இன்றைய லினக்ஸில் காத்திருப்புக்கும் ஒரு கெடு உண்டு. வழக்கமாகப் பத்து வினாடி. புது டிரைவர் யாராவது வந்துகொண்டிருந்தால் கெடு கொஞ்சம் நீளும். அதற்கு மேலும் கொடுப்பவர் வரவில்லையென்றால், இனி வரமாட்டார் என்று முடிவு கட்டி, இல்லாமலே சமாளிக்கக்கூடியவர்கள் எழலாம் என்று விட்டுவிடும்.

தூத்துக்குடிக்கு அப்படி ஒரு கெடு வைக்க யாரும் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு 1955-லிருந்து 1961 வரை வரிசையாக ஏழு வருடம் சலாபம் நடந்தது. 1961-ல் நடந்ததுதான் கடைசி. அதற்குப் பிறகு தோளாயிரம் பார் உள்பட எந்தப் பாரிலும் சலாபம் வைக்கும் அளவுக்குச் சிப்பி விளையவில்லை. போய்ப் பார்த்தவர்கள் திரும்பி வந்தார்கள், பழையபடி. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி அழகர்சாமி, 1973-ல் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து விளைவித்துக் காட்டினார். 1981-ல் சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியில் பொரிக்க வைப்பதிலும் வெற்றி கிடைத்தது. பாரை எதிர்பார்க்காமல் முத்து எடுக்க வழி பிறந்தது. ஆனால் அதில் பீரங்கி இல்லை, படகு வரிசை இல்லை, கடல்கட்டிக்கும் வேலை இல்லை.

முத்து போனாலும் குளிப்பு போகவில்லை. தூத்துக்குடி நகரின் வடக்கு ஓரம் திரேஸ்புரம். நாட்டுப்படகுகள் நெருக்கியடித்து நிற்கும் கரை. இங்கே இன்றைக்கும் சங்கு குளிக்கப் போகிறார்கள். கல்லைக் கட்டி மூச்சடக்கி இறங்கிய காலம் மலையேறி, படகில் ஒரு கம்ப்ரஸர், அதிலிருந்து நீளமாக ஒரு குழாய், அதன் முனை குளிப்பவர் வாயில். மூச்சே மேலேயிருந்துதான் வர வேண்டும். கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்து, காற்று வருகிறதா என்று பார்த்த பிறகுதான் இறங்க முடியும். ஆள் மேலே வந்து படகு விளிம்பைப் பிடித்த பிறகுதான் அதை நிறுத்த முடியும். அதுவரை ஒருவர் அந்தக் குழாய் மடங்காமல், படகில் சிக்காமல் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.